படத்தில் எங்கே விளக்கு

ஒரு காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருவில் என் பாஸ்வேர்ட் தெரியாத ஆளே இல்லை. எனக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. மசாஜ் நிலையத்தில் வேலை. வாடிக்கையாளர்கள் ஒரு புக்கிங் தளத்தில் நேரம் குறிப்பார்கள். காலை ஒன்பதுக்குள் நான் அதில் நுழைந்து சரி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரம் வேறொருவருக்குப் போய்விடும். திரையில் இருப்பதையெல்லாம் கைப்பேசி எனக்கு வாசித்துச் சொல்லும், படப் புதிரைத் தவிர. நான் மனிதன்தான் என்று நிரூபிக்க, எந்தக் கட்டத்தில் சாலை விளக்கு இருக்கிறது என்று தொட்டுக் காட்ட வேண்டுமாம். ஒலிக்கென்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இரைச்சலுக்குள் யாரோ முணுமுணுப்பார். எரிச்சலில் ஒருமுறை கைப்பேசியைச் சுவரில் அடித்திருக்கிறேன்.

ஆகவே தினமும் எதிரே இருக்கும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன். கல்லாவில் இருக்கும் அக்காதான் புதிரைப் போட்டுக் கொடுப்பார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அவர் இல்லாத நாளில் தோசை மாஸ்டர், பூக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நிற்கிற யாராவது. புதிரில் தப்பு விழுந்தால் தளம் பாஸ்வேர்டை மறுபடி கேட்கும். கைப்பேசி அவர்கள் கையில் இருக்கும், நான் வாய்விட்டுச் சொல்வேன். புக்கிங்கைப் பார்த்து, இன்றைக்கு இரண்டே பேர்தானா என்று பூக்கடைக்காரர் அனுதாபப்படுவார். அவர் அனுதாபம் யாருக்கு வேண்டும்?

அக்காதான் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். இணையத்தின் விதிகளை யார் வகுப்பது என்று பேச, பக்கத்து மண்டபத்தில் கூடுகிறார்களாம். சாதாரண மக்களும் வரலாமாம். வேலையற்ற வேலை என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் என் பெயரைப் பதிந்தார். அந்தப் படிவத்திலும் அதே படப் புதிர். போதாததற்கு, பேச விருப்பமா என்ற கேள்விக்கு என்னைக் கேட்காமலே ஆமாம் என்று போட்டுவிட்டார். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கூட்டத்தில் ஒரு கம்பெனிக்காரர் நிதானமாக விளக்கினார். விதிகளை விவரம் தெரிந்தவர்கள் வகுப்பதே நல்லது, பயன்படுத்துகிறவர்கள் நிபந்தனைகளைக்கூடப் படிக்காமல் சம்மதம் போடுகிறவர்கள் என்றார். பாதி சரிதான், நானும் படித்ததில்லை. அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூட வந்திருந்த அக்கா மைக்கை என் கையில் திணித்தார்.

"பாஸ், எனக்குக் கண்ணு தெரியாது. இங்க வரணும்னா படத்துல விளக்கு எங்கன்னு காட்டச் சொல்லுது உங்க ஃபாரம். இந்த அக்கா காட்டினாங்க. தினமும் என் வேலைக்கும் யாராச்சும் காட்டணும். விவரம் தெரிஞ்சவங்கதான் இத செஞ்சீங்க. முன்னாடியே எங்கள்ல ஒருத்தர கேட்டிருக்கலாம் லா."

யாரும் கைதட்டவில்லை. சொதப்பிவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் புக்கிங் தளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் கூட்டத்தில் இருந்திருக்கிறார். மறுநாள் காலை நிலையத்துக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் திணறுவதை முழுசாகப் பார்த்தார். இப்படி ஒரு சிரமம் இருப்பதாக யாருமே சொன்னதில்லை என்று வருத்தப்பட்டார். யாரும் கேட்டதும் இல்லை என்றேன். அதோடு என் கோபமும் பாதி இறங்கிவிட்டது.

சில மாதங்களில் புதிரை எடுத்துவிட்டார்கள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, நானே தடவித் தடவிப் புதுப் பாஸ்வேர்ட் வைத்தேன். அன்று ஆமாம் என்று போட்ட அந்த விரலுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அதைச் சொல்லத்தான் கடைக்குப் போனேன். அக்கா வழக்கம்போலக் கைப்பேசியை வாங்கக் கை நீட்டினார். வேண்டாம், நானே நுழைந்துவிட்டேன், பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன் என்றேன். என்ன பாஸ்வேர்ட் என்று கேட்டார், பழக்க தோஷம்.

"சொல்ல மாட்டேன் அக்கா."

கல்லாப் பக்கமிருந்து அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சொல்லாதீங்க அண்ணே," என்றார். "என்கிட்டகூட சொல்லாதீங்க."