ஆய்வகத்து விரல் பூட்டு

திங்கள் காலை ஆய்வகத்துக்குள் போனதும் அழுகிய சிப்பி நாற்றம் குமட்டியது. ஃப்ரீசர் கதவு ஒரு விரல் அளவு திறந்து கிடந்தது. நான்கு மாணவர்கள் ஒரு வருஷமாகச் சேர்த்த முத்துச்சிப்பி மாதிரிகள் பைக்குள்ளேயே கெட்டுப்போயிருந்தன.

ஆய்வகத்துக்குப் பொறுப்பு நான். மாலை ஆறு மணிக்கு மேலும் லீவு நாளிலும் யார் யார் உள்ளே வரலாம் என்று பட்டியல் போட்டதும், வாசலில் விரல்ரேகைப் பூட்டு மாட்டச் சொன்னதும் நான்தான். எழுத்தரிடம் ஞாயிற்றுக்கிழமைப் பதிவைக் கேட்டேன்.

"ஒரே ஒரு பேருதான் மேடம்."

கடைசி வருஷத்து ஆராய்ச்சி மாணவியின் பெயர். உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள். ஞாயிறு மாலை நானும்தான் கீழவைப்பாரிலிருந்து வந்த சிப்பிப் பையை ஃப்ரீசரில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மேடம் பெயரை எதற்குச் சொல்வது என்று எழுத்தர் மரியாதைக்கு விட்டிருப்பார் என நினைத்தேன். நினைப்பைப் பாருங்கள்!

எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டேன்.

"நான் வரலை மேடம். அந்தக் கதவு எனக்குத் திறக்காது."

"ஏளா, மிஷின் பொய் சொல்லுதா, நீ சொல்லுதியா?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கே அவளுடைய அனுமதியை ரத்து செய்து கடிதம் கொடுத்தேன். ஆய்வேட்டைக் கொடுக்க அவளுக்கு இரண்டே மாதம் இருந்தது. கருவியைத் தொடாமல் அது முடியாது என்று எனக்கும் தெரியும்.

வியாழன் மாலை ஆறரைக்கு ஒரு ஃபைலை எடுக்கப் போனேன். என் பெயருக்குப் பதிந்திருந்த வலது கட்டைவிரலில் போன வாரம் சிப்பி ஓடு கிழித்த காயம், கட்டுப் போட்டிருந்தது. ஞாயிறன்று செய்ததுபோலவே இடது ஆள்காட்டி விரலை வைத்தேன். கதவு திறந்தது. அன்று கவனிக்காத சின்னத் திரையை அப்போதுதான் பார்த்தேன். அவள் பெயர்.

மறுபடி வைத்தேன். மறுபடியும் அவள் பெயர்; கடிதம் கொடுத்த நான் பூட்டிலிருந்து அதை இன்னும் நீக்கச் சொல்லவில்லை.

பூட்டு மாட்டிய அன்று அவளுடைய பத்து விரலையும் வைத்துப் பார்த்திருந்தோம். சின்ன வயதிலிருந்து உப்பு வாரிய கை, ரேகை தேய்ந்திருந்தது. மிஷின் ஒன்றையும் ஏற்கவில்லை. மறுநாள் மேலதிகாரி வருகிறார், பட்டியலில் குறை இருக்கக் கூடாது என்று அவள் பெயருக்கு என் இடது ஆள்காட்டி விரலைப் பதிந்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றேன், அதோடு மறந்துபோனேன். ஒருவருக்காக இன்னொருவர் விரல் வைக்கக் கூடாது என்று சுவரில் ஒட்டியவளும் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு, ஃப்ரீசரைச் சரியாக மூடாதது நான்தான் என்று சொல்லிக் கடிதத்தைத் திரும்ப வாங்கினேன். எல்லாரும் போன பிறகு அவளிடம் கேட்டேன்.

"நான் விரல் வச்சது உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம்."

"பின்ன ஏன் சொல்லலை?"

"தெரிஞ்சேதான் செய்யுதீங்கன்னு நெனச்சேன்."

"சத்தியமா மறந்துட்டேம்மா" என்றேன்.

"சரி மேடம்" என்றாள். அவள் நம்பவில்லை.