பாதி கவுன்

ஒரு பெண்பிள்ளையின் பெருநாள் கவுனைக் கத்தரிக்கோலால் வெட்டுவது எந்த ஊர் நியாயம்? வெட்டியது படத்தில்தான். இருந்தாலும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது சவுதிக்குப் போன அத்தாவுக்கு, இடையில் ஊர் வந்துபோக வாய்க்கவில்லை. அத்தா கொடுத்தனுப்பிய கவுனில் இரண்டு பஃப் கையிலும் ஜரிகைப் பூ. அதைப் போட்டு, அம்மாவும் நானும் சேர்ந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். காரைக்குடி ஸ்டூடியோவில் அம்மா என்னைத் தோளோடு அணைத்தபடி நின்றாள்.

படத்தை வாங்கியதும் அவள் முகம் மாறிவிட்டது.

“இது யாரு, எங்கம்மால்ல நிக்கிது?” என்றாள் அம்மா.

“நீங்க எப்படி இருக்கீகளோ அப்படித்தானே விழும்,” என்று சொல்லித் தொலைத்தார் ஸ்டூடியோக்காரர்.

வேறு படம் எடுக்க நேரமில்லை. புதுவயல்காரர் ஒருவர் மறுநாள் சவுதிக்குப் பயணம் கிளம்புகிறார். ஊறுகாயோடு படமும் அவர் பெட்டியில் போயாக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அம்மா கத்தரிக்கோலை எடுத்துத் தன்னை வெட்டி எறிந்தாள்.

“இதப் பாத்தா ஒங்கத்தா யாரோ கெழவின்னு நெனப்பாக.”

நினைக்கட்டுமே! ஒட்டி நின்ற பாவத்துக்கு என் இடது பஃப் கையும் சேர்ந்து போனது. வலது தோளில் அம்மாவின் நாலு விரல் மட்டும் மிச்சம். தரையில் புரண்டு அழுதேன். யாரும் சட்டை செய்யவில்லை.

“வெரலு வந்துருக்கு, ஆள எங்க?” என்று அத்தா போனில் கேட்டார்கள். ஸ்டூடியோக்காரர் சரியாக எடுக்கவில்லை என்று அம்மா கூசாமல் சொன்னாள். உண்மையைச் சொல்லப் போன என் வாயைப் பொத்தினாள்.

அன்றைய அம்மாவின் வயது இப்போது எனக்கு. பிள்ளைகள் கைபேசியில் என்னைப் பிடிக்கும் படங்களை நானும் அழிக்கிறேன். ஆனால் பக்கத்தில் நிற்பவர் சட்டையில் கைவைப்பதில்லை.

அந்தப் படம் போனதற்கு அடுத்த பெருநாளுக்கு அத்தா வந்தார்கள். நான் எதிர்பார்த்தது அத்தா அனுப்பும் படங்களில் இருந்த கருத்த மீசைக்காரரை. வீட்டுக்குள் நுழைந்தவருக்கோ முன்மண்டை வழுக்கை, தாடி பாதி வெள்ளை. போன புதிதில் எடுத்த படங்களையே இத்தனை வருடமும் எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்! அழுகை முட்டியது. நியாயம் கேட்க அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

காலையிலிருந்து நரை தெரியாமல் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தவள், அத்தாவையே பார்த்தபடி நின்றாள். முக்காடு சரிந்தது. அதை அவள் இழுத்துவிடவில்லை.

“வாங்க,” என்று சிரித்தாள்.

இப்படி ஏமாந்த பிறகும் இவளுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.