மழை நாளில் ஹீட்டர் கேட்ட நசீர் பாய்

ஜொகூர் வெயிலில் ஒருவர் வந்து, "காரில் ஹீட்டர் சூடு பத்தவில்லை" என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எங்கள் பட்டறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செனாயில் இருந்த அந்தக் கார்ப் பட்டறையில் நான் அப்போது ஃபோர்மன். முதலாளி சேவியர் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன பாய், வண்டிக்குக் குளிர் ஜுரமா? இல்ல கேமரன் மலைக் குளிருக்குக் கெளம்பிட்டீங்களா?"

நசீர் பாய் சிரிக்கவில்லை. அவர் பொந்தியானில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். எங்களிடம் வரும்போதெல்லாம் ஒவ்வொருவரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் வண்டி விஷயத்துக்கே வருவார். அன்று கார் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

"வீட்டுல அவங்களுக்குக் கேன்சர் அண்ணே. ஜேபி டவுன் ஆஸ்பத்திரியில கீமோ ஓடிக்கிட்டிருக்கு. அந்த மருந்து ஏறுனதுலேருந்து குளிரே ஆகல. ஏர்கோன் காத்து பட்டா விரலெல்லாம் ஊசி குத்துதாம், தொண்டை அடைச்சிக்குதாம். போன தடவை நல்ல மழை. ஏர்கோன அடைச்சா கண்ணாடில ஆவி படிஞ்சி ரோடு தெரியல. போட்டா அவங்க அழுவுறாங்க. நாளைக்கு மறுபடி மருந்து ஏத்தணும். இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க."

சேவியர் அண்ணன் முகம் வெளிறிப்போனது. "மன்னிச்சிருங்க பாய்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தேவா, எல்லாத்தயும் போட்டுட்டு இத பாரு" என்றார்.

நசீர் பாய் ஹீட்டர் கேட்டது சரிதான். ஏர்கோனையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால், ஏர்கோன் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துவிடும், ஹீட்டர் அதே காற்றைச் சூடாக்கி அனுப்பும். கண்ணாடியும் தெளியும், குளிரும் இருக்காது. இங்கே ஓடுகிற பல வண்டிகளில் ஹீட்டரே கிடையாது. அவருடையது ஜப்பானில் ஓடி, புதுப்பித்து இங்கே இறக்கிய ரிகான் வண்டி என்பதால் இருந்தது. ஆனால் யார் அந்தச் சிவப்புப் பக்கம் குமிழைத் திருப்புகிறார்கள்? அது பழுதானாலும் யாருக்கும் தெரியாது.

வண்டியை ஹைவேயில் ஓட்டிப் பார்த்தேன். டெம்பரேச்சர் ஊசி அடியை விட்டு எழும்பவே இல்லை. எனக்குப் பாதி புரிந்துவிட்டது. திரும்பி வந்து, எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடத்தின் மூடியைக் கழற்றினேன். உள்ளே வெறும் ஓட்டைதான் இருந்தது.

"பாய், இத எப்ப எடுத்தாங்க?"

"ஒரு தடவ எல்லைப் பாலத்து டிராபிக் ஜேம்ல வண்டி சூடாயிருச்சி. ஒரு பட்டறையில காட்டினேன். சூடான ஊருக்கு இது எதுக்குன்னு கழட்டிப் போட்டுட்டு, பைப் தண்ணிய ஊத்தி அனுப்பினாங்க."

இது எங்கள் தொழிலில் ஊரோடு ஒட்டிப்போன பழக்கம். வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கு, துருப்பிடிக்காமல் காக்கும் கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்று. வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போய்விடுவார். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில் தண்ணீர் நிற்காமல் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டே இருக்கும், எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது. எஞ்சினில் இல்லாத சூடு ஹீட்டருக்கு எங்கிருந்து வரும்?

புதிய தெர்மோஸ்டாட் போட்டேன். ஊசி நடுவுக்கு வந்தது. ஆனாலும் உள்ளே வந்த காற்று வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பானட்டைத் திறந்து ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே போகும் ஹோஸ் கையைச் சுட்டது. திரும்பி வரும் ஹோஸில் சூடே இல்லை. டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும், சுடுதண்ணீர் ஓடவேண்டிய ஹீட்டர் கோர் துருவால் அடைத்திருந்தது. பைப் தண்ணீர் செய்த வேலை.

சேவியர் அண்ணனுக்கு அவசரம். "கம்ப்ரெசர் காத்த விட்டு ஒரே தள்ளா தள்ளிரு தேவா."

"வேணாண்ணே. பழைய கோரு. ஒடைஞ்சா டேஷ்போர்ட மொத்தமா எறக்கணும். இந்தப் பார்ட் நம்மகிட்ட இல்ல. நாளைக்கு அவங்க போகவே முடியாது."

அவர் நகர்ந்து வழி விட்டார். நான் இரண்டு ஹோஸையும் கழற்றி, திரும்பி வரும் பக்கத்தில் தண்ணீர்க் குழாயைச் சொருகி, மெல்லத் திறந்தேன். முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நிறுத்தினேன், பக்கம் மாற்றினேன், மறுபடி விட்டேன். பயமாகத்தான் இருந்தது. இன்னொருவர் உயிர் என் கையில் இருக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நசீர் பாய் தள்ளி உட்கார்ந்து உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். திடீரென்று பாலில்லாத தே-ஓ டீ நிறத்தில் தண்ணீர் பீறிட்டது. கூடவே சேறும் துருத் துகளும் வந்தன. தண்ணீர் தெளியும்வரை விட்டுவிட்டு, கூலண்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினேன்.

அவரோடு நானும் பொந்தியானுக்குப் போனேன். கண்ணால் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. வழியெல்லாம் மழை. வீட்டு வாசலில் அவர் மனைவி ஜைனம்பு அக்கா காலில் சாக்ஸும் கையில் உறையும் போட்டுக்கொண்டு நின்றார். அரை மனதோடுதான் வண்டியில் ஏறினார். கதவைச் சாத்தினோம். நான் பின்சீட்டிலிருந்து எட்டி ஏர்கோனையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டேன். கண்ணாடி தெளிந்தது.

அக்கா கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல உள்ளிழுத்தார். ஒரு கையுறையைக் கழற்றி, காற்று வரும் இடத்தில் விரலை வைத்தார். நசீர் பாய் சட்டை நனைய வேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒங்களுக்கு இப்பிடி வேர்த்து ஊத்துதே."

"ஊத்தட்டும். நீ வர்றியா?"

அக்கா இன்னொரு கையுறையையும் கழற்றினார். "காலையில எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றார். நசீர் பாய் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். "நம்ம ஊருக்கு இது எதுக்கு?" என்று எந்தப் பொருளையும் கழற்றி எறியாதீர்கள். அந்த வண்டியில் யார் உட்காருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பல மாதங்கள் கழித்து அந்த வண்டி மறுபடி வந்தது. கீமோ முடிந்துவிட்டது என்று நசீர் பாய் சொன்னார். நோய் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்காதான் இறங்கி வந்து குறை சொன்னார்.

"தம்பி, ஏர்கோன் கூலே இல்ல. வேர்த்துக் கொட்டுது, என்னன்னு பாருங்க."

ஹீட்டர் பக்கம் காற்றைத் திருப்பும் சின்ன உள்கதவு முழுதாக மூடாமல் சூடு கசிந்துகொண்டிருந்தது. கேபிளை இழுத்துச் சரிசெய்துவிட்டு ஏர்கோனைப் போட்டேன். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, சில்லென்று வந்த காற்றுக்கு முகத்தைக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க" என்றார்.

கூட்டி வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.