எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை

மகளிடம் ஒரு பந்தயம் கட்டியிருந்தேன். ஷெட்டில் நிற்கும் என் பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜின் சுற்றினால் ஆனையூர் வீட்டிலேயே இருப்பேன். ஜாம் ஆகியிருந்தால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் அவளோடு போய் இருப்பேன். வயசான மனிதன் முடிவெடுக்கிற லட்சணமா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் என் மனைவி இறந்ததிலிருந்து மகள் ஒவ்வொரு ஞாயிறும் போனில், "எப்பப்பா வாரீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்லும் பொறுப்பை வண்டியின் தலையில் கட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால், யாரோ ஓட்டிச் சலித்ததை நான் வாங்கிய வண்டி அது. என் மனைவி அதன் பின்சீட்டில் அழகர்கோவில்வரை வந்திருக்கிறாள். பாதி தடவை திரும்பும்போது தள்ளிக்கொண்டும் வந்திருக்கிறாள். ஓசூருக்கு மாற்றலாகித் தனியாகப் போனபோது வண்டியை ஷெட்டில் நிறுத்தினேன். ஓய்வு பெற்றுத் திரும்பியபோது அவள் உடம்பு முடியாமல் இருந்தாள். வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. அப்புறம் அவளும் போய்விட்டாள்.

வருடக்கணக்கில் நின்ற வண்டியின் கிக்கரில் எடுத்த எடுப்பில் ஏறி மிதிக்கிறவன் முட்டாள். உள்ளே துருவேறியிருந்தால் பிஸ்டன் வளையம் ஒடிந்துவிடும். டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி, இன்ஜின் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டினேன். அசைந்து கொடுக்கவில்லை. சரி, கோயம்புத்தூர்தான் என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் மறுபடியும் ஆட்டினேன். எனக்குப் போக இஷ்டமில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்தது ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி உள்ளே பார்ப்பது. ப்ளக் ஸ்பேனர் வண்டியின் டூல்ஸ் பெட்டியில் இல்லை. எங்கே இருக்கும் என்று தெரியும். சமையலறை அலமாரியில், எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்தில். ஓசூரிலிருந்து வந்த அன்றே அதைப் பார்த்துவிட்டு, தேங்காய் உடைக்க என் ஸ்பேனர்தான் கிடைத்ததா என்று கத்தினேன். திருப்பிப் பேச அப்போதே அவளுக்கு மூச்சுப் போதவில்லை. ஸ்பேனர் அங்கேயே இருந்தது. அவள் போன பிறகு, அவள் வைத்த எதையும் நான் நகர்த்தவில்லை.

ப்ளக் சுலபமாகக் கழன்றது. அத்தனை வருடம் யாரும் தொடாத ப்ளக் அப்படிக் கழலாது. டார்ச் அடித்துப் பார்த்தேன். துருவே இல்லை. பிஸ்டன் தலையில் தேன் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. கம்பியை விட்டுச் சுரண்டினால் பிசினாக ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தேன். சிக்கு வாடை, பழைய தலையணை உறையில் அடிக்குமே, அந்த வாடை. நல்லெண்ணெய்.

ஓசூரிலிருந்து ஒருமுறை போனில் அவளிடம் சொல்லியிருந்தேன். வண்டி சும்மா நின்றால் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால் அமுக்கி வை என்று. "ஆமா, எனக்கு வேற சோலி இல்ல பாருங்க," என்றாள். எங்கே செய்யப்போகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

செய்திருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை எண்ணெய் என்றால் நல்லெண்ணெய்தான். சனிக்கிழமை என் தலைக்கும் அதுதான், அவள் மூட்டுவலிக்கும் அதுதான். மாதாமாதம் அமுக்கிக்கொண்டிருந்தவரை ஒன்றும் ஆகியிருக்காது. அவள் படுக்கையில் விழுந்த பிறகு எண்ணெய் இறுகி, பிஸ்டனைப் பிடித்துக்கொண்டது.

தரையில் உட்கார்ந்து அவளைத் திட்டினேன், வாய்விட்டே. "ஏண்டி, இன்ஜினுக்கு எவளாவது நல்லெண்ணெய் ஊத்துவாளா?"

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்றும் தெரியும். "ஊத்தச் சொன்னீங்க, ஊத்துனேன். என்ன எண்ணெய்னு சொன்னீங்களா?"

இத்தனை நாளாக இந்த வீட்டில் எனக்கு இல்லாமல் போனது இதுதான். சோறு பொங்கிப் போட ஆள் கிடைக்கும், துணி துவைக்க ஆள் கிடைக்கும். நான் ஒன்று சொன்னால் திருப்பி இரண்டு சொல்ல ஆள் கிடைக்காது. பக்கத்து வீட்டு நாய் குரைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

பிசினைக் கரைக்கப் பெயிண்ட் கடையில் தின்னர் வாங்கிவந்து ஓட்டையில் விட்டு வைத்தேன். மறுநாள் மத்தியானம் சக்கரத்தை ஆட்டியபோது ஒரு நூல் அளவு அசைந்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன். பொழுது சாய்வதற்குள் முழுச் சுற்று வந்துவிட்டது.

இனிக் காற்றைப் பார்க்க வேண்டும். ப்ளக் ஓட்டையைக் கட்டைவிரலால் ஒருவர் அடைத்துக்கொள்ள, இன்னொருவர் கிக்கரை அமுக்குவார். விரலைக் காற்று தள்ளினால் இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். முன்பெல்லாம் நான் விரல் வைப்பேன், அவள் அமுக்குவாள். என் வண்டியில் ஓட்டை இந்தப் பக்கம், கிக்கர் அந்தப் பக்கம். இரண்டும் ஒருசேர எனக்கு எட்டவில்லை. சீட்டின் மேல் குப்புறப் படுத்தும் பார்த்தேன். தெருவில் போன ஒருவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு பதறினார்.

"அண்ணே, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல தம்பி, வண்டி பாக்குறேன்."

அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. துணியைச் சுருட்டி ஓட்டையில் செருகிவிட்டு, அந்தப் பக்கம் போய்க் கிக்கரை அமுக்கினேன். துணி டப்பென்று தெறித்துப்போய்ச் சுவரில் விழுந்தது.

ஜெயித்துவிட்டேன். "அடியே, காத்து இருக்குடி" என்று சொல்லச் சமையலறைப் பக்கம் திரும்பியும் விட்டேன். பழக்கதோஷம்.

மகளுக்குப் போன் போட்டேன். "என்னப்பா, சுத்துச்சா?" என்றாள்.

"சுத்துது. காத்து அம்புட்டும் அப்படியே இருக்கு. உங்கம்மா காப்பாத்தி வச்சிருக்கா."

"அப்ப நீங்க வரமாட்டீங்க."

"வாரேன்."

"நீங்கதானப்பா ஜெயிச்சீங்க?"

"ஜெயிச்சதச் சொல்ல இங்க ஆள் இல்லம்மா," என்றேன்.

கிளம்புகிற அன்று ஓட்டையில் ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால் அமுக்கி வைத்தேன். இன்ஜின் ஆயில்தான். ஸ்பேனரை டூல்ஸ் பெட்டியில் போடப்போய், மனசு கேட்காமல், எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்தில் அவள் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினேன்.