கோழித்தண்ணீரில் கலந்த மருந்து

காரமடைப் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு பிராய்லர் கோழிப்பண்ணை இருக்கிறது. சீக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குஞ்சு இறங்கிய நாளிலிருந்தே குடிதண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்துவிடுவேன். அப்படிக் கலக்காத பக்கத்துப் பண்ணைக்காரரைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சம், அதனால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். அவ்வளவு பெரிய மேதாவி நான்.

ஒருநாள் கோழி கீறி என் ஆள்காட்டி விரலில் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் வீக்கம் ஏறிக்கொண்டே போனது. சீழைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "ஏனுங்க, கோழிக்கு என்ன மருந்து குடுக்கறீங்க?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு பெயரைச் சொன்னேன்.

"அதே வகை மருந்தத்தானுங்க உங்களுக்கும் போட்டுட்டிருக்கேன். அதுல சாகாம தப்பிச்ச கிருமி, தப்பிக்க வெச்ச மரபணுவைத் தன் வாரிசுக்கும் குடுக்கும், பக்கத்துக் கிருமிக்கும் குடுக்கும். அதுகளைப் பண்ணையில நீங்களே வளத்துப்போட்டீங்க."

வேறு மருந்து மாற்றுவதற்குள் அழுகிப்போன விரலை எடுத்துவிட்டார்கள்.

போன வாரம் புதுக் குஞ்சு இறங்கியது. மருந்து ஏஜென்ட் பாட்டிலை நீட்டினார்.

"வேண்டாமுங்க."

"ஏனுங்க, பயந்துட்டீங்களா?" என்று இளக்காரமாகச் சிரித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஐந்து விரலும் இருந்தபோது நானும் அப்படித்தான் சிரித்தேன்.