ஜூன் இருபத்துநாலு முதல் செப்டம்பர் நாலு வரை

1. காலை பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்தது.
2. ஐந்தாவது கேள்வி, எட்டு மதிப்பெண். ஜூன் 24 அன்று பிடித்தம் செய்த வரியை ஒரு நிறுவனம் செப்டம்பர் 4 அன்றுதான் அரசுக்குக் கட்டியது. எத்தனை மாதத்துக்கு வட்டி?
3. ஒரு மாதத்தில் ஒரே ஒரு நாள் பட்டாலும் அதை முழு மாதமாகக் கொள்ள வேண்டும். அந்த விதியை விடைத்தாளில் எழுதினேன்.
4. விரல் விட்டு எண்ணி, மூன்று என்று போட்டேன்.
5. சரிபார்த்தேன். மறுபடியும் மூன்றுதான் வந்தது.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பயிற்சியாளராக இருக்கிறேன். மூன்று வருட ஒப்பந்தம், இந்த மார்ச்சோடு முடிகிறது. உற்பத்தி லைனில் யாரையும் நிரந்தரம் செய்வதில்லை. ஆனால் கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. மாலை வகுப்பில் நான் படித்துவந்த கணக்கியல் படிப்பில் இந்த ஒரு தாள்தான் பாக்கி. தேறினால் எடுத்துக்கொள்வதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

மறுநாள் ஷிப்ட் பஸ்ஸில், கணக்குப் பிரிவு அக்கா பென்னலூரில் ஏறினார். உட்காரும் முன்பே வினாத்தாளைக் கேட்டு வாங்கினார்.

"அஞ்சாவதுக்கு எத்தினி மாசம் போட்ட?"

"மூணுக்கா."

"இன்னாது, மூணா? ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். நாலுடி!"

"ஜூன் இருபத்தொண்ணுலேர்ந்து ஜூலை இருபது வரைக்கும் ஒரு மாசம்தானேக்கா?"

அக்கா என்னையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அடிப்பாவி, அது நம்ம கம்பெனி சம்பள மாசம்டி! நீ பஞ்ச் அடிக்கிற மாசத்துக்கா கவர்மென்ட்டு வட்டி போடும்?"

எங்கள் ஆலையில் வருகைப் பதிவு இருபதாம் தேதி முடியும், இருபத்தொன்றில் புது மாதம் தொடங்கும். லைனின் கூடுதல் நேர வேலைக்கான ஓ.டி. தாளை மூன்று வருடமாக எழுதிக் கொடுப்பவள் நான். தேர்வு அறையில் என் விரல் அப்படித்தான் எண்ணியது. தெரியாமல் செய்திருந்தால் படித்துத் திருத்திக்கொள்ளலாம். தெரிந்ததைத் தப்பாக எண்ணிவிட்டு என்ன செய்வது? விடைத்தாள் என் கையில் இல்லை.

இருங்காட்டுக்கோட்டை அறைக்குத் திரும்பியதும் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தேன். தாராளமாகக் கூட்டினால் நாற்பத்திரண்டு, கறாராகக் கூட்டினால் முப்பத்தேழு. தேற நாற்பது வேண்டும். என்னோடு தங்கியிருக்கும் திருநெல்வேலிக்காரி தாளைப் பிடுங்கி மடித்தாள்.

"ஏட்டி, நீ எத்தன தடவ கூட்டுனாலும் பேப்பர் திருத்துறவன் காதுல விழவா போவுது? ஸ்டெப்புக்கு மார்க்கு போடுவாவ. வா, சோறு திங்கலாம்."

சாப்பிட்டேன். அவள் பாத்திரம் கழுவப் போனதும் மறுபடியும் கூட்டினேன்.

முடிவு வந்தபோது முப்பத்தேழு. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கினேன். விதியை எழுதியதற்கு இரண்டு மதிப்பெண். மூன்றைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அந்த மூன்றை வைத்துப் போட்ட அடுத்த கணக்குகள் எல்லாவற்றுக்கும் பூஜ்யம். மறுகூட்டலிலும் அதே முப்பத்தேழுதான்.

கணக்குப் பிரிவில் வாலாஜாபாத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்துவிட்டாள். எனக்கு லைனில் இன்னும் பதினொரு ஷிப்ட் இருக்கிறது. அடுத்த தேர்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். அதுவரை எங்கே வேலை என்று தெரியவில்லை.