தொள்ளாயிரத்தில் இல்லாத ஆயிரம்

எட்டு நூறு எண்ணூறு. ஒன்பது வந்தால் மட்டும் தமிழ் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. தொண்ணூறு என்றால் காதில் நூறு விழும். தொள்ளாயிரம் என்றால் ஆயிரம் விழும். பிள்ளைகள் காதில் விழுந்ததை எழுதுவார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரைப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு இடமதிப்பு நடத்தும் நான், ஆண்டுதோறும் பலரை அந்தக் குழியிலிருந்து தூக்கிவிடுகிறேன். இந்த ஆண்டு, விழாமல் நின்றிருந்த ஒரு சிறுமியை நானே தள்ளிவிட்டேன்.

அவள் வீட்டில் தெலுங்கு. அப்பாவும் அம்மாவும் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். நூறு கட்டங்கள் வரைந்த அட்டைகள் ஒன்பதை மேசைமேல் வைத்து, எழுதச் சொன்னேன். 900 என்று சரியாக எழுதினாள். வாசிக்கச் சொன்னேன்.

“ஒம்பது நூறு டீச்சர்.”

“அப்பால இன்னா, பத்து நூறு, பதினோரு நூறுன்னு ஆந்திராவுல சூளூர்ப்பேட்ட வரிக்கும் போவியாடி?” என்றாள் முன்வரிசைக்காரி ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

“எங்க நைனா அப்டித்தான் சொல்லும்” என்றாள் அவள்.

தெலுங்கில் அப்படித்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் ஆய்வுக்கு அதிகாரி வரவிருந்தார். எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதுதான் என் கவலை. “அப்படி ஒரு எண்ணே கிடையாது. தொள்ளாயிரம்னு சொல்லு” என்றேன். சொன்னாள்.

மறுநாள் தொள்ளாயிரம் எழுதச் சொன்னபோது, ஒன்பதுக்குப் பின்னால் மூன்று பூஜ்ஜியம் போட்டாள்.

“நேத்து சரியா எழுதினியே?”

“நா நூறுன்னேன், நீங்க இல்லன்னீங்க. ஆயிரம்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க?”

வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி, “ஒன்பது நூறும் சரிதான், தப்பு என்னுடையது” என்றேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஒன்பது நூறு, ஒன்பது நூறு என்று கத்தித் தீர்த்தார்கள். அவள் மட்டும் மூன்றாவது பூஜ்ஜியத்தை அழித்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வு முடிந்துவிட்டது. அவளும் இப்போது 900 என்று பிழையில்லாமல் எழுதுகிறாள். ஆனால் நேற்று நான்கே அட்டைகளை வைத்து, “இது எவ்வளவு?” என்று கேட்டேன். அவள் அட்டைகளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்களே சொல்லிடுங்க டீச்சர். நா எழுதிக்கிறேன்.”